மடியில் இருந்து எடுத்த படம்

அவர் யாரையும் சட்டென்று படம் எடுத்துவிட மாட்டார். கன்னியாகுமரிக் கடற்கரையில் விடியற்காலையில் கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும் போட்டோக்காரர்களில் அவரும் ஒருவர். மற்றவர்கள் ஒரு குடும்பத்தை நிறுத்தி, எடுத்து, கையோடு பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த குடும்பத்தைப் பிடிக்க ஓடுவார்கள். இவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றது நின்றபடி நிற்பாராம். எதிரே நிற்பவர்கள் பல்லைக் காட்டிக் காட்டி வாய் வலித்து, ‘சரி, இந்த ஆள் எடுக்கப் போவதில்லை’ என்று முகத்தைத் தளரவிடும் நேரம் பார்த்து ஒரு அமுக்கு. அப்போதுதான் ஆட்கள் ஆட்களாக இருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. அதற்குள் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு வேறு போட்டோக்காரனிடம் போய்விடுகிறார்கள் என்பது அவர் மனைவியின் கட்சி.

இதெல்லாம் அவர் மனைவி, அந்த அக்கா, சொல்லி நான் கேட்டதுதான். எனக்கு அவர் அறிமுகமானபோது வலது கை மடியில் பழந்துணி மாதிரிக் கிடந்தது. ஒரு மழைக்காலக் காலையில் கடற்கரையிலேயே சரிந்து விழுந்திருக்கிறார். பேச்சு முதலில் குழறியது, அப்புறம் தெளிந்துவிட்டது. கால் இழுத்து இழுத்தாவது நடந்தது. கை மட்டும் வரவில்லை. நான் நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட்டாக இருந்தேன். பக்கவாதம் வந்தவர்களின் கைக்குப் பயிற்சி கொடுக்க ஒரு ரோபோ மெஷின் புதிதாக வந்து இறங்கியிருந்த காலம் அது. ரோபோ என்றதும் தலையும் கண்ணும் வைத்த இரும்பு ஆளைக் கற்பனை செய்துகொண்டு வருகிறவர்களுக்கு அதைப் பார்த்ததும் முகம் தொங்கிப்போகும். ஒரு மேஜை, அதன்மேல் வழுக்கி ஓடும் ஒரு கைப்பிடி, எதிரே ஒரு திரை, அவ்வளவுதான். நோயாளியின் கையைக் கைப்பிடியோடு பட்டையால் கட்டிவிடுவோம். திரையில் ஒரு மஞ்சள் பந்து வரும். கையை நீட்டி அதை ஒரு வட்டத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் மெஷின் சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே கையை இழுத்துக்கொண்டு போகும்.

நான் மார்த்தாண்டத்துக்காரி. பொறுமைக்கும் எனக்கும் ரொம்ப தூரம். “நீ போட்டுப் பிடிக்கிற பிடிக்குச் செத்தவனும் எழும்பி ஓடுவான்” என்று என் அம்மா சொல்வாள். அப்படிப்பட்டவளிடம் இப்படிப்பட்ட மனிதரைக் கொண்டுவந்து விட்டார்கள்.

முதல் நாள் பந்து வந்து நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, கைய நீட்டுங்க.”

அசைவில்லை. மெஷின் தன் கணக்குக்குக் கொஞ்சம் பொறுத்துவிட்டுக் கையை இழுத்தது. மனிதருக்கு வந்ததே கோபம்.

“இது ஏன் பிள்ளே என்னப் பிடிச்சு இழுக்குது?”

“நீங்க நீட்டல்லண்ணா அது கொண்டு போவும் அண்ணாச்சி. அதுக்குத்தான மெஷின்.”

“நான் நீட்டத்தான் போனேன். அதுக்குள்ள இந்தச் சவத்துக்கு என்ன வெப்ராளம்?”

வெப்ராளம் என்பது அவர் வாயில் ஓயாமல் வரும் சொல். அவசரப்படுகிற எல்லோருக்கும் அந்தப் பட்டம்தான். மெஷினுக்கு வெப்ராளம், லிஃப்டுக்கு வெப்ராளம், டீயை ஆற்றாமல் கொண்டுவந்து வைக்கும் கேன்டீன்காரனுக்கு வெப்ராளம். எனக்குக் கேட்கவே வேண்டாம். மெஷின் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று ஒரு அமைப்பு உண்டு. அவருக்காக அதை முடிந்த மட்டும் கூட்டிவைத்தேன். அப்புறம் திரையில் பந்து வந்து நிற்கும், அவர் உட்கார்ந்திருப்பார், நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். பார்க்கிறவர்களுக்கு அவர் சும்மா இருப்பது போலத்தான் தோன்றும். பக்கத்தில் போனால் கழுத்து நரம்பு புடைத்திருக்கும், மேலுதட்டில் வியர்வை பூத்திருக்கும். பிறகு எப்போதோ ஒரு தருணத்தில் அந்தப் பந்து ஒரு நூல் நகரும். நகர்ந்ததா, கண் மயக்கமா என்று எனக்கே சந்தேகம் வரும்.

“பாத்தியா பிள்ளே?”

“பாத்தேன் அண்ணாச்சி.”

“இது மெஷினில்ல. நான்.”

அவருக்கு அடுத்த முறைக்காகக் குளச்சலில் இருந்து வரும் போட்டுக்காரர் ஒருவர் பெஞ்சில் காத்திருப்பார். சொந்தமாக விசைப்படகு வைத்திருந்தவர், இடது கை விழுந்துவிட்டது. “சவம், இந்த மனுசன் கை நீட்டதுக்குள்ள நம்ம போட்டு கடலுக்குப் போயிட்டுத் திரும்பி வந்துரும்டே” என்று சுவரைப் பார்த்து ஏசுவார். இவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். “வெப்ராளம் பிடிச்ச மனுசன். அதான் ரத்தக் கொதிப்பு” என்று என்னிடம் ரகசியம் சொல்வார். இவருக்கும் ரத்தக் கொதிப்புதான்.

அவருடைய முறை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. மேல்மாடி அறை, மேற்கே பார்த்த ஜன்னல், வெயிலுக்குப் போட்ட பச்சைத் திரைச்சீலை. சீலை ஆடும்போதெல்லாம் சுவரில் வெளிச்சம் தண்ணீர் மாதிரி நெளியும். மெஷின் மெல்ல முனகிக்கொண்டு கையை அங்கும் இங்கும் கொண்டுபோய்க் கொண்டுவரும். அந்த நேரத்தில் அந்த அறைக்குள் நின்றால் நமக்கே கண் சொக்கும். அவர் கண்ணைத் திறந்தபடியே எங்கோ போய்விடுவார். அலைக்குள் மல்லாந்து கிடக்கும்போது அது தூக்கி இறக்குமே, கைக்கு இப்போது அப்படி இருக்கிறது என்பார்.

அந்த மயக்கத்தில்தான் கனவுகளைச் சொல்வார். கனவில் அவர் கை நன்றாக இருக்குமாம். கேமரா கழுத்தில் கிடக்குமாம். கடல் இருக்கும், கரை இருக்காது. தண்ணீருக்குமேல் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள், எல்லோரும் அவர் எப்போதோ எடுத்த ஆட்கள், யாருக்கும் வயதாகியிருக்காது. அவர் பார்த்துக்கொண்டே நிற்பார். விரல் அமுக்கும், சத்தமும் கேட்கும், கேட்டதும் முழித்துவிடுவார்.

“படம் எப்பிடி வந்துதுண்ணு மட்டும் தெரியாது பிள்ளே” என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் நான் பட்டையைச் சரிசெய்வேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. நான் பட்டையை அவிழ்க்கவோ குறிப்பு எழுதவோ குனிந்திருக்கும்போது, “அப்பிடியே நில்லு” என்பார். நானும் என்னவோ ஏதோ என்று நின்றுவிடுவேன். ஒரு கண் மூடும். நேரம் போகும். மடியில் கிடக்கும் கையில் ஒரு சலனமும் இருக்காது. பிறகு கண் திறக்கும். “ஆச்சு, எடுத்தாச்சு” என்பார். கேமராவும் இல்லை, ஒன்றும் இல்லை. முதலில் எனக்கு இது பிடிக்கவே இல்லை. யாரோ நம் பையில் கைவிட்டு எதையோ எடுத்துக்கொண்டது போல ஒரு கூச்சம். “அண்ணாச்சி, என்ன எடுக்கறதுக்கு என்கிட்ட கேக்கண்டாமா?” என்று சண்டைக்குப் போனேன். “கேட்டா நீ மூஞ்சிய மாத்திருவே” என்றார். அப்புறம் பழகிவிட்டது. சில நாட்களில் தலையைக் கோதிவிட்டுக்கொண்டே குனிந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பயிற்சி தொடங்கும்போது எல்லோரிடமும் கேட்பது போல அவரிடமும் கேட்டேன், கை வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று. போட்டுக்காரர் இரண்டு கையாலும் வேட்டியை மடித்துக் கட்ட வேண்டும் என்றிருந்தார். சிலர் சோற்றைப் பிசைந்து சாப்பிட வேண்டும் என்பார்கள். இவர் பக்கத்தில் இருந்த மனைவியைத் தாடையால் காட்டினார்.

“இவள ஒரு படம் எடுக்கணும்.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் கடற்கரையில் பாசிமாலைக் கடை போட்டிருந்தவர். ஊரை எல்லாம் படம் எடுத்த மனிதர் பெண்டாட்டியை ஒரு படம் எடுத்ததில்லை என்றால் யார் நம்புவார்கள்? கல்யாணப் படம் எடுத்தது வேறு ஆள், ரேஷன் கார்டுக்கு எடுத்தது வேறு ஆள். கல்யாணமான புதிதில் ஒரு நாள் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பாறைமேல் உட்கார வைத்திருக்கிறார்.

“உக்காந்தேன், உக்காந்தேன், உக்காந்துகிட்டே இருந்தேன் பிள்ளே. வெயிலு ஏறியாச்சு. இவரு ஒரு கண்ண மூடிக்கிட்டு நிக்காரு. அடுப்புல மீன் கறி கிடக்குண்ணு நான் எந்திரிச்சுப் போயிட்டேன். அதுக்குப் பொறவு நான் உக்காரவும் இல்ல, இவரு கூப்பிடவும் இல்ல.”

“நீ சிரிப்பியா சிரிப்பியாண்ணு பாத்தேன்” என்றார் அவர்.

“சிரிச்சிக்கிட்டுத்தான இருந்தேன்!”

“அது சிரிப்பில்ல.”

இடது கையால் எடுங்களேன் என்று நான் யோசிக்காமல் சொன்னேன். கேமராவில் அமுக்குகிற பொத்தான் வலது பக்கத்தில்தான் இருக்கும் என்பது எனக்கு அதுவரை உறைத்ததே இல்லை. தலைகீழாகப் பிடித்தால் இடது விரலுக்கு எட்டும். “பெண்டாட்டியத் தலகீழாவா பாக்கச் சொல்லுதே?” என்றார். போனில் எடுக்கலாமே என்றதற்கு என்னைப் பார்த்த பார்வையே போதுமாயிருந்தது. அவருக்கு வேண்டியது அந்த ஆள்காட்டி விரல். அது அந்தப் பொத்தானை அமுக்க வேண்டும், அவர் அமுக்கு என்று சொல்கிற நேரத்தில்.

இங்கேயே சொல்லிவிடுகிறேன், அந்த விரல் வரவில்லை. எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்த வருத்தம். தோள் முதலில் வரும், முழங்கை அப்புறம் வரும், விரல்தான் கடைசி, பலருக்கு அது வராமலே போகும். அவருக்குத் தோள் வந்தது. பந்தை வட்டத்தின் வாசல்வரை தானே கொண்டுபோனார். மேஜைமேல் இருக்கும் தட்டை வலது கையால் தள்ளிக்கொள்கிற அளவு ஆனது. விரல்கள் மட்டும் தூங்கிக்கொண்டே இருந்தன. நான் அங்கே வேலையை விட்டு வரும்வரை அப்படித்தான்.

இடையில் ஒரு டாக்டர் வந்தார். சின்ன வயது, சாந்தமான மனிதர். மூளையை வெளியே இருந்து தூண்டும் கருவி ஒன்றைச் சோதனைக்காகக் கொண்டுவந்திருந்தார். கம்பிச் சுருளை எட்டுப் போல வளைத்துப் பிளாஸ்டிக்கில் பொதிந்து, பிடி வைத்தது. அதைத் தலையில் வைத்துக் காலடியில் உள்ள பெடலை மிதித்தால் டக்கென்று ஒரு காந்தத் துடிப்பு உள்ளே போகும். ஊசி இல்லை, கத்தி இல்லை. வலது கையை ஆட்டுகிற இடம் மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறது. அதைத் தேடிப் பிடித்துத் தினமும் கொஞ்ச நேரம் தட்டிக் கொடுத்துவிட்டு, அந்தச் சூட்டோடு ரோபோவில் உட்கார வைத்தால் கை இன்னும் நன்றாகப் படியுமா என்று பார்ப்பதுதான் சோதனை.

முதல் நாள் டாக்டர் அந்தக் கருவியை அண்ணாச்சியின் இடது காதுக்கு மேலே வைத்து, நகர்த்தி, தட்டி, நகர்த்தி, தட்டித் தேடினார். ஒரு இடத்தில் டக்கென்றதும் மடியில் கிடந்த ஆள்காட்டி விரல் துள்ளியது.

“மாதாவே!” என்று அக்கா எழுந்துவிட்டார்.

அவர் விரலையே பார்த்தார். “நான் ஒண்ணும் சொல்லல்லியே. அது எப்பிடி ஆடிச்சு?”

“நான்தான் சொன்னேன் அண்ணாச்சி” என்றார் டாக்டர். “தலையிலிருந்து விரலுக்குப் போற ரோடு முழுசா அறுந்து போகல. கொஞ்சம் மிச்சம் இருக்கு. நல்ல விஷயம்.”

“இன்னொரு தடவ தட்டுங்க.”

டக். விரல் துள்ளியது. நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டு நின்றோம். அவர் சிரிக்கவில்லை. முகம் கறுத்துப்போனது.

“எத்தன மாசமா நான் கூப்பிடுதேன். என்னாண்ணு கேக்கல்ல. இவரு வந்து ஒரு தட்டு தட்டினதும் எந்திரிச்சு வருகு பாரு. எனக்க விரலு!”

அன்றைக்கு ரோபோவில் அவர் மெஷின் இழுத்த இழுப்புக்குக் கையை விட்டுவிட்டார். கனவும் சொல்லவில்லை. பஸ்ஸில் போகும்போது அழுதார் என்று அக்கா மறுநாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார். பெற்ற பிள்ளை அடுத்த வீட்டுக்காரன் கூப்பிட்டால் மட்டும் ஏன் என்று கேட்டால் எப்படி இருக்கும்? எனக்கு அந்த விரலைப் பிடித்துக் கிள்ளிவிடலாமா என்று ஆத்திரம் வந்தது.

சோதனையின் கடைசி நாள். டாக்டர் கருவியோடு திரும்பிப் போகப் போகிறார். அண்ணாச்சியை நாற்காலியில் சாய்த்துத் தலைக்கு அணை கொடுத்தாகிவிட்டது. அப்போது அக்கா தன் பையிலிருந்து ஒரு துண்டைச் சுற்றிய பொதியை எடுத்தார். உள்ளே அவருடைய கேமரா.

“டாக்டரே, அந்த விரலு துள்ளும்போ அதுக்கு அடியில இத வச்சா என்ன?”

எங்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

“ஏட்டி, வேண்டாம்.”

“நீங்க சும்ம இரிங்க.”

“விரலு வரட்டும். பொறு. என்ன வெப்ராளம் ஒனக்கு?”

“எனக்கும் வயசாகுதுல்லா? பொறுத்துப் பொறுத்து நான் பல்லு போன கிழவியான பொறவு எடுத்து என்னத்துக்கு?”

போட்டுக்காரர் பெஞ்சிலிருந்து, “சரியாட்டு கேட்டிய” என்று குரல் கொடுத்தார்.

காந்தத்துக்குப் பக்கத்தில் கேமரா இருக்கலாமா என்று டாக்டர் முதலில் தயங்கினார். மடியில்தானே, அவ்வளவு தூரம் போதும் என்று அவரே சமாதானம் ஆனார். அவருக்கும் ஆசை வந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. நான் ஸ்பாஞ்சு வெட்டி அணை கொடுத்துக் கேமராவை மடியில் நிறுத்தி, அந்த விரலைப் பொத்தான்மேல் வைத்தேன். அக்கா எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பின்னலை இழுத்துவிட்டுக்கொண்டு, சிரிப்பு ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். தலையை ஆட்டக்கூடாது என்பதால் அண்ணாச்சியால் குனிந்து கேமராவுக்குள் பார்க்க முடியாது. மனைவியை மட்டும்தான் பார்க்கலாம்.

“அண்ணாச்சி, நேரத்த நீங்க சொல்லுங்க. நீங்க ‘ம்’னு சொன்னா நான் மிதிக்கிறேன்” என்றார் டாக்டர்.

அது நல்ல ஏற்பாடு. அவர் முகம் மாறியது. வேண்டாம் வேண்டாம் என்ற மனிதர் ஒரு கண்ணை மூடினார்.

அறை அமைதியானது. திரைச்சீலை ஆடியது. சுவரில் வெளிச்சம் நெளிந்து அக்காவின் கன்னத்துக்கு வந்து போனது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். நேரம் போனது. போட்டுக்காரர் ஏசவில்லை. என் கால் மரத்துப்போனது, நானும் அசையவில்லை. அத்தனை பேரும் ஒரே கனவுக்குள் இறங்கி நிற்பது போல இருந்தது. அக்காவின் சிரிப்பு மெல்ல மெல்ல அவிழ்ந்து விழுந்தது. வெறும் முகம் தெரிந்தது, களைத்த முகம். கருவியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்ற டாக்டருக்குக் கை கடுத்திருக்க வேண்டும். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். மாறிய கால் பெடல்மேல் விழுந்தது.

டக். விரல் துள்ளியது. கேமராவும் சத்தம் போட்டது.

“ஐயோ” என்றார் டாக்டர்.

நான் கேமராவை எடுத்துப் பார்த்தேன். படம் விழுந்திருந்தது. கீழேயிருந்து எடுத்ததால் தாடை பெரிதாக, நெற்றி பாதி வெட்டுப்பட்டு, தலைக்குமேல் ஃபேன் முளைத்து, எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஆனால் அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். மாட்டிக்கொண்ட சிரிப்பு விழுந்த பிறகு, யாரும் கேட்காமல் வந்த வேறொரு சிரிப்பு. எதிரே நின்ற நான்கூட அதைப் பார்க்கவில்லை, படத்தில்தான் பார்த்தேன். டாக்டர் அதை வாங்கி அண்ணாச்சியின் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

அவர் வெகுநேரம் பார்த்தார்.

“அழிச்சிருங்க டாக்டரே.”

“அண்ணாச்சி, என் தப்புதான். இன்னொண்ணு எடுக்கலாம்...”

“வேண்டாம். இது நான் எடுக்கல்ல. விரலும் நான் ஆட்டல்ல, நேரமும் நான் சொல்லல்ல. இதுல எனக்கதுண்ணு ஒண்ணும் இல்ல. அழிச்சிருங்க.”

டாக்டர் என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். டாக்டரின் பெருவிரல் அழிக்கிற பொத்தானுக்குப் போனது.

அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்துவந்தார். படத்தை எட்டிப் பார்க்கக்கூட இல்லை. நேரே அவர் முன்னால் வந்து நின்றார்.

“எடுத்தது நீங்க இல்ல, சரி. நான் யாரப் பாத்துச் சிரிச்சேண்ணு கேட்டியளா?”

அவர் படத்திலிருந்து கண்ணை எடுத்து அக்காவைப் பார்த்தார்.

“கேளுங்க.”

“யாரப் பாத்து?” அவர் குரல் தெரியாத ஊரில் வழி கேட்கிறவர் குரல் மாதிரி இருந்தது.

“பின்ன, இந்த டாக்டரப் பாத்தா? எத்தன வருசம் களிஞ்சு, அந்தக் கண்ண மூடிக்கிட்டு, வெறும் என்ன மட்டும் பாத்துக்கிட்டு இருக்கிய. எனக்குச் சிரிப்பு வந்துட்டு.”

போட்டுக்காரர் சத்தமாகச் சிரித்தார். டாக்டரும் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. மறுபடி ஒரு கண்ணை மூடிக்கொண்டார்; மூடாத கண்ணிலிருந்தும் மூடிய கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, துடைக்க அவர் இடது கையைக்கூடத் தூக்கவில்லை.

“டாக்டரே” என்றார். “அழிக்காண்டாம்.”